கானாவூர்க் கலியாணமும் கால் போத்தல் கணக்கும்

பெறுநர்: மதுவரி ஆணையாளர் நாயகம், மதுவரித் திணைக்களம், இராஜகிரிய.

பொருள்: கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலக் கரையில் வாழும் குடும்பமொன்று, தன் வருமானத்தை மீறாமல் திராட்சை மது அருந்துவதற்குச் சட்டத்தில் எஞ்சியுள்ள வழிகள்.

பெருமதிப்பிற்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் நிழலில் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் புத்தளம் மாவட்டத்துக் கரையோர வீடுகளின் செலவேடுகள் சார்பில் விடுக்கப்படும் இப்பகிரங்கக் கடிதம், குறை கூறுவதற்காக அன்றி நன்றி கூறுவதற்காகவே எழுதப்படுகிறது என்பதை முதலிலேயே பதிவுசெய்வது தகும். கரைவலை இழுப்போரும், கிணற்று நீரை மணலில் பாய்ச்சி மிளகாயும் வெங்காயமும் பயிரிடுவோரும், தென்னந்தோட்டக் கூலியாட்களும் வாழும் இந்தக் கரையில், திராட்சை மதுவால் கடன்பட்ட குடும்பம் என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. வாங்க முடியாத பொருளுக்கு எவரும் கடன்படுவதில்லை என்பதால், இப்பெருமை முழுவதும் அரசின் வரிக் கொள்கையையே சாரும்.

அந்தக் கொள்கையின் நுட்பத்தைச் சற்று விரித்துரைப்பது தகும். வெளிநாட்டிலிருந்து இறங்கும் ஒரு போத்தல் திராட்சை மது முதலில் சுங்கத் தீர்வையையும், அதன்மேல் மதுவரியையும், பின்னர் பெறுமதிசேர் வரியையும், அதாவது பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் அதில் சேரும் பெறுமதியின் மேல் அறவிடப்படும் வரியையும் சுமந்தே கடைத் தட்டில் ஏறுகிறது. 2022இன் தொடக்கத்தில் 8 சதவீதமாக இருந்த பெறுமதிசேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று என்பதும், அது பொருளின் விலைமீது மட்டுமன்றி முன்னர் ஏற்றப்பட்ட தீர்வைகளின் மீதும் கணக்கிடப்படுகிறது என்பதும் திணைக்களம் அறியாததல்ல. வரிக்கே வரி விதிக்கும் இவ்வேற்பாட்டின் முடிவில், கடைத் தட்டிலுள்ள மிக மலிந்த போத்தலும் பல கிலோ அரிசியின் விலைக்கு நிற்கிறது. இவ்விரண்டில் எதை வாங்குவது என்று தலவிலவில் எந்த அடுக்களையிலும் விவாதம் நடப்பதில்லை.

விலையைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது போத்தலின் அளவாகும். தென்னஞ் சாராயம் 180 மில்லிலீட்டர் கொண்ட கால் போத்தலிலும் கிடைக்கிறது. திராட்சை மதுவோ பெரும்பாலும் 750 மில்லிலீட்டர் முழுப் போத்தலாகவே விற்கப்படுவதுடன், திறந்தபின் சில நாட்களுக்குள் காற்றுப்பட்டுப் புளித்துவிடுவதால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அதைச் சிக்கனமாக நாட்கடத்தி அருந்தவும் இயலாது. நாட்கூலிக்காரரின் சட்டைப்பை அன்றன்றைய வருமானத்துக்கு ஏற்பவே விரிந்து சுருங்கும் ஆகையால், சந்தை அவருக்கு நீட்டும் ஒரே அளவு அந்தக் கால் போத்தல்தான். 33.5 சதவீத மதுசாரம் கொண்ட சாராயத்தின் கால் போத்தலில் தூய மதுசாரம் ஏறத்தாழ 60 மில்லிலீட்டர் உள்ளது. 12 சதவீதத் திராட்சை மதுவில் 150 மில்லிலீட்டர் கொண்ட ஒரு கிண்ணத்தில் இருப்பது 18 மில்லிலீட்டர் மட்டுமே. ஒரு கிண்ணத்தைச் சோற்றோடு மெல்ல அருந்தி எழ விரும்பும் ஒருவர், அதற்குரிய காசைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், மூன்று கிண்ணத்துக்கும் மேலான வெறியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியவராகிறார். மென்மையைச் சில்லறையாக விற்காத சந்தை கடுமையை மட்டும் சில்லறையாக விற்பதைச் சுகாதாரக் கொள்கை என்று அழைப்பதா, வருமானக் கொள்கை என்று அழைப்பதா என்பது நிதியமைச்சின் விருப்பம். கால் போத்தலுக்கும் வழியற்றவர் கசிப்பை நாடுகிறார். சீனியையும் ஈஸ்ட்டையும் புளிக்கவிட்டு மறைவிடத்தில் வடிக்கப்படும் அந்தச் சாராயம், தீர்வையோ ஒட்டுமுத்திரையோ பெறுமதிசேர் வரியோ எதுவுமின்றி வீட்டு வாசலுக்கே வந்துசேர்கிறது.

வெளிநாட்டுத் திராட்சை எதற்கு, உள்ளூரில் மது இல்லையா என்று திணைக்களம் வினவக்கூடும். வினா நியாயமானதே. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களை உள்ளடக்கிய தெங்கு முக்கோணத்தின் கடலோர விளிம்பில், ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் ஒரு மதுச்சாலை தொங்குகிறது. பாளையைச் சீவிக் கட்டிய முட்டியில் சொட்டும் இனிய சாறு, காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்களால், அதாவது சர்க்கரையை மதுசாரமாக மாற்றும் நுண்ணுயிர்களால், சில மணி நேரத்திலேயே தானாகப் புளித்துக் கள்ளாகிறது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் மட்டுமே அது புளிக்காமல் இனிப்பாக எஞ்சுகிறது. எனவே கள்ளைப் பொறுத்தவரை மனிதர் செய்யும் தொழில், அது கள்ளாவதைத் தடுப்பதே. இயற்கையின் இப்பிடிவாதத்தை அறிந்த கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரம் இன்றிக் கள் இறக்குவதைத் தடுத்துப் பழியை மரத்தின்மீது சுமத்தாமல் ஏறியவர்மீது சுமத்தியிருப்பது பெருந்தன்மையாகும். வரலாற்றின் முரண் என்னவெனில், அதே 1912ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்தான் கள் விற்பனையைச் சாராய விற்பனையிலிருந்து பிரித்து, தீவெங்கும் கள்ளுத் தவறணைகளை, அதாவது உரிமம் பெற்ற கள்ளுக் கடைகளைத் திறக்க முற்பட்டது. மதுவிலக்கு இயக்கம் அதை எதிர்த்துப் பொங்கியெழுந்தது. சேனாநாயக்க சகோதரர்கள் உள்ளிட்ட பிற்காலத் தலைவர்கள் பலர் பொதுவாழ்வில் பெயர்பெற்றதும் அந்த மேடைகளில்தான். நாட்டுக்கு அரசியல் தலைமையை அளித்த கள், நாட்டு மதுவாக மட்டும் மதிக்கப்படாமற் போயிற்று.

மறுபுறம், ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் காற்றாடிப் பலகையில் கடல்மேல் பறக்க வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுதிகளில் திராட்சை மது கிண்ணக் கணக்கில் ஊற்றப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிண்ண அளவு நாட்டில் இல்லாமலில்லை. அது விருந்தினருக்கு உரியது, அவர்களுக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பவருக்கு உரியதன்று.

இத்தீவில் தமிழ்க் குடும்பங்கள் பண்டிகைக்கு மலிவாகத் திராட்சை மது வாங்கும் மரபு அறவே இல்லை என்று எண்ணுவதும் பிழையாகும். 1928இல் தோமஸ் அடிகளார் தோற்றுவித்த தோலகட்டி ஆச்சிரமத்தின் மரபில் வந்த செபமாலைத் துறவியர், நெல்லி இரசத்தோடு கறுவாவும் கராம்பும் மணக்கும் இனிப்பு வைனையும் யாழ்ப்பாணத்தில் விற்பதை ஊரறியும். வலிகாமத்துச் செம்மண்ணில் திராட்சைப் பந்தல்களும் உண்டு. துறவியர் கையால் ஆகும் காரியம் இல்லறத்தார் கையால் ஆகாது என்பதற்கு வேதாந்தத்தில் காரணம் இருக்கலாம். ஆனால் அதே திராட்சையைச் சீனியோடு சாடியிலிட்டு வீட்டில் நொதிக்கவைக்கும் இல்லத்தரசி உரிமமின்றி மது உற்பத்தி செய்தவராகிறார். திருப்பலியில் திராட்சை இரசம் இலவசம்தானே என்று ஆறுதல் கூறுவோரும் உளர். அந்த இரசம் திராட்சையில் விளைந்த, கெடாத, கலப்பற்ற மதுவாக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வலியுறுத்துவது உண்மையே; எனினும் வழக்கமாக அதை அருந்துபவர் குருவானவர், மக்களுக்கு அளிக்கப்படுவது அப்பம்.

இல்லத்தரசியைக் குறிப்பிட்டதால் மேலும் ஒன்று கூற வேண்டியுள்ளது. வீட்டுச் செலவைத் தீர்மானிப்பவர் இக்கரையில் பெரும்பாலும் பெண்ணே; அவருக்கு மது விற்கலாகாது என்ற 1979ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கியதும், சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப்பெறுமாறு பணித்ததும் நாடறிந்த செய்தி. கணக்கறிந்தவர் கடைக்குப் போகலாகாது, கடைக்குப் போகிறவர் கணக்கறிய வேண்டியதில்லை என்னும் இந்த வேலைப் பிரிவினை, சிக்கனத்தை வளர்க்கும் நோக்கில் வகுக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

இங்குதான் தலவிலவுக்கே உரிய சட்டச் சிக்கல் ஒன்று எழுகிறது. மார்ச் மாதத்திலும், ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரையிலான நாட்களிலும், சிங்களவரும் தமிழருமாகப் பெருந்திரளான யாத்திரிகர் மரநிழல்களில் கூடாரமடித்துத் தங்கி வழிபடும் இத்திருத்தலம் புனித அன்னம்மாளுக்கு உரியது. திருச்சபை மரபின்படி அவர் மரியாளின் தாயும் இயேசுவின் பாட்டியும் ஆவார். யோவான் நற்செய்தி கூறும் கானாவூர்த் திருமணத்தில் மது தீர்ந்துபோனதைக் கண்டு மகனிடம் முறையிட்டவர் அந்த மரியாளே. மகன் ஆறு கற்சாடிகளில் நிரப்பப்பட்ட நீரைத் திராட்சை மதுவாக்கினார்; நற்செய்தி தரும் கொள்ளளவை இக்காலத்துக்கு மாற்றினால் 450 லீட்டருக்குக் குறையாது, அதாவது குறைந்தது 600 போத்தல். உற்பத்தி உரிமம் இல்லை. சுங்கத் தீர்வை இல்லை. சாடிகளில் ஒட்டுமுத்திரை இல்லை. முந்திய மதுவைவிட இதுவே சிறந்தது என்று பந்தி மேற்பார்வையாளர் மணமகனை அழைத்துப் புகழ்ந்தது, மதுசார விளம்பரத்தைத் தடைசெய்யும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றமாகவும் கருதப்படலாம். இவை யாவற்றுக்கும் தூண்டுகோலாக இருந்தவர் ஒரு பெண் என்பது வழக்கை மேலும் பாரதூரமாக்குகிறது. வழக்குப் பதிவாகுமாயின் மகளுக்கும் பேரனுக்கும் பிணை நிற்க வேண்டியவர் தலவிலவில் கோயில் கொண்டிருக்கும் பாட்டியே ஆதலால், அவருடைய நிலையான வதிவிடத்தைத் திணைக்களம் குறித்துக்கொள்வது விசாரணைக்கு உதவும்.

அதுவரை, செலவேடுகளின் சார்பில் சில தெளிவுகள் மட்டும் கோரப்படுகின்றன. திராட்சை மதுவையும் 180 மில்லிலீட்டர் போத்தலில் அடைத்து, அதன் மதுசார அளவுக்கு ஒத்த வரியோடு விற்பதற்குத் தடையாக நிற்பது சட்டமா, வழக்கமா, அல்லது அதைக் கேட்க எவரும் இல்லாமையா என்பதைத் திணைக்களம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விற்பனைக்கன்றித் தன் வீட்டு உணவோடு அருந்துவதற்காக மட்டும், தன் காணியிலுள்ள ஒரேயொரு தென்னையில் கள் இறக்க விரும்பும் குடும்பத்துக்கென எளிய கட்டணத்தில் ஓர் அனுமதிப்பத்திரம் வகுக்க இயலுமா என்பதும் அறியப்பட வேண்டும். இயலுமாயின், மரத்தடியிலிருந்து அடுக்களை வரையுள்ள ஏறத்தாழ 30 அடி மணற்பாதையில் முட்டியைத் தூக்கிச் செல்வது மதுபானக் கொண்டுசெல்லலாகக் கருதப்படுமா, அதற்கெனத் தனிப் படிவம் உண்டா, அப்படிவம் தமிழில் கிடைக்குமா என்பதையும் அதே மறுமொழியில் குறிப்பிடுமாறு வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
கற்பிட்டிக் குடாநாட்டு வீட்டுச் செலவேடுகளின் சார்பில்,
தலவில.