நூறு தடா

திங்களிலிருந்து சனி வரை தெருமுனைப் பால் பூத்துக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறவர் எங்கள் நடைக் குழுவின் தலைவர். லிஃப்ட் வரத் தாமதமானால் மாடிப்படியைப் பார்க்க மாட்டார்; அசோசியேஷன் செயலாளருக்குப் போன் போடுவார். இப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கப் போகிறேன் என்று கிளம்பினால் எந்த வீட்டம்மாதான் நம்புவார்? முதல் இரண்டு வாரம் சந்தேகப்பட்டாராம். மூன்றாவது வாரம் சட்டையில் கோங்குரா கறையைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாராம்.

சென்னையில் நிஜமான மலையேறிகள் இருக்கிறார்கள். 2008-ல் பீட்டர் வான் கெய்ட் என்ற பெல்ஜியக்காரர் தொடங்கிய சென்னை ட்ரெக்கிங் கிளப் வழியாகக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்துகொண்ட பிள்ளைகள் ஏராளம். எங்கள் தலைவர் அந்த ஜாதியில்லை. வங்கியில் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவர். அங்கே முப்பது பேர் எழுந்து நின்றார்கள். இப்போது வீட்டில் டிவி ரிமோட் பேரன் கையில். சட்னிக்குத் தேங்காயா தக்காளியா என்பதில்கூட அவரை யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் விசில் ஊதினால் பதினோரு பேர் நிற்கிறோம். விசிலும் பேரனுடையதுதான்.

இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா மகன் சொல்வான்: அங்கே வாரா வாரம் கூட்டமாகக் கிராமப் பாதையிலும் கடலோரப் பாறையிலும் நடப்பார்களாம், மதியம் எந்தப் பப்பில் சாப்பாடு என்பது முன்கூட்டியே முடிவாகி, பாதை அதற்கேற்ப வளையுமாம். அதைவிட வெளிப்படையானவர்கள் 1938-ல் கோலாலம்பூரில் கிளம்பிய ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’. ஓடுவார்கள், ஓடி முடித்துப் பீர் குடிப்பார்கள். அவர்கள் சாப்பிட்ட கிளப் மெஸ்ஸில் நாள் தவறாமல் ஒரே மாதிரிச் சோறு. அதற்கு வைத்த கேலிப் பெயர்தான் ஹாஷ் ஹவுஸ். மெஸ்ஸின் பெயரையே சங்கத்துக்கு வைத்த அந்த நேர்மை எங்கள் தலைவருக்குக் கிடையாது. எங்கள் குழுவின் பெயரில் ‘ஹெல்த்’ இருக்கிறது.

ஞாயிறு விடியலில் மூர் மார்க்கெட் வளாக ஸ்டேஷனில் சூலூர்ப்பேட்டை வண்டி ஏறுவோம். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. இதுவரை தலைவர் இட்லிப் பொட்டலத்தில் மும்முரமாக இருப்பார். ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் நாங்கள் இறங்கும் தடா நெருங்கியதும் கை கழுவிக்கொண்டு எழுந்து நிற்பார். புதிதாக யாராவது வந்திருந்தால் அவர்களுக்கும், வராவிட்டால் எங்களுக்கும் பிரசங்கம் உண்டு.

“தடான்னா என்ன தெரியுமா? தடை போடறதுக்கும் தடான்னுதான் சொல்றோம். 1985-ல வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கும் அதே பேர். அது 95-ல காலாவதியாச்சு. ஆனா ஆதியில தடான்னா பெரிய பானை. ஆண்டாள் அழகருக்கு நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்காரவடிசில்னு நேர்ந்துக்கிட்டா. ராமானுஜர் வந்துதான் அந்த நேர்த்திக்கடனைத் தீர்த்தார்.”

“அந்தத் தடாதான் இந்தத் தடாவா சார்?”

“ஆராய்ச்சி பண்ணணும்” என்பார். ஆராய்ச்சி எந்த மெஸ்ஸில் நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

எல்லைப் பிரச்சினையும் உண்டு. ம.பொ.சி. போராடியது, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி நம் பக்கம் வந்தது, திருப்பதி அந்தப் பக்கமே தங்கியது எல்லாம் சொல்லிவிட்டு, “திருப்பதி போச்சுன்னு எல்லாரும் அழுதாங்க. தடாவுக்காக ஒருத்தனாவது அழுதானா?” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பார். ஒருநாள் நான், “தடா நம்ம பக்கம் வந்திருந்தா மெஸ்ல இந்தப் பருப்புப் பொடி கிடைக்குமா சார்?” என்றேன். ஸ்டேஷன் வரும்வரை பேசவில்லை. இறங்கும்போது, “நல்லவேளை” என்றார்.

தடாவிலிருந்து இரண்டே திசைதான். மேற்கே போனால் வரதய்யபாளையம் வழியாக உப்பலமடுகு அருவி; சென்னைக்காரர்களின் ‘தடா ஃபால்ஸ்’. கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. எந்தத் திசையானாலும் தலைவருடைய கிலோமீட்டர் வேறு, சர்வேக்காரர் கிலோமீட்டர் வேறு. “இன்னும் ஒண்ணுதான்” என்று காலை எட்டரைக்குச் சொன்ன அந்த ஒன்று பதினொன்றரைக்கும் அப்படியே இருக்கும். நம்பிக்கை போய் ஆடு மேய்க்கிற தாத்தாவிடம் கேட்டால், அவர் கழியை நீட்டி, “தக்கரே சார்” என்பார். பக்கத்திலேதான் என்று அர்த்தம். கழி நீண்ட திசையில் மலை இருக்கும். அதன் பின்னால் இன்னொரு மலை இருக்கும். சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் மட்டும் அதே கிலோமீட்டர் சட்டென்று சுருங்கிவிடும். அப்போது தலைவர் நடப்பதைப் பார்க்க வேண்டும். முழங்கால் உறையைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. உப்பலமடுகு பார்க்கத்தான் சாது. பாறைக்கு நடுவே கண்ணாடி மாதிரித் தேங்கி நிற்கிற மடுக்களில் நீச்சல் தெரியாமல் இறங்கிப் போன பிள்ளைகள் பலர். தண்ணீர் தெரிந்ததும் தலைவர் பழைய மேலாளர் ஆகிவிடுவார். கணுக்கால்வரைதான் அனுமதி. எல்லை தாண்டிய குஷியில் பாட்டிலோடு வந்த இரண்டு தம்பிகளை ஒருமுறை ஸ்டேஷனிலேயே உட்கார வைத்துவிட்டு நடந்தார். அடுத்த வாரம் அவர்கள் மோர் பாட்டிலோடு வந்தார்கள்.

ஏரிப் பக்கம் போகிற வாரத்தில் பறவை உண்டு. குளிர்காலத்தில் பழவேற்காட்டின் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் வெள்ளையும் ரோஜாவுமாக வரிசை கட்டி நிற்கும். குழுவில் ஒருவர் பைனாகுலரோடு, அது அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சேற்றை அரித்துப் பூச்சியையும் பாசியையும் எப்படி வடிகட்டி எடுக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். தலைவர் பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “தலைகீழா நின்னு சாப்பிடுது சார். ஈடுபாடுன்னா அது!” என்றார். பறவைகளைப் பற்றி அவர் மரியாதையாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மணி ஒன்று. மெஸ்.

தலைவருக்குத் தெலுங்கில் பத்து வார்த்தை தெரியும். பப்பு, பொடி, நெய்யி, கோங்குரா, வேப்புடு, புலுசு, சாரு, பெருகு, சேப்பலு என்று ஒன்பது ஆயிற்றா? பத்தாவது ‘இங்கா’. இன்னும் என்று பொருள். போதும் என்பதற்குத் தெலுங்கில் ‘சாலு’ என்று ஒரு சொல் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இலை போட்டதும் தண்ணீர் தெளித்து, ஓரத்து மடிப்பை நீவிவிடுவார். சோற்றின் நடுவில் ஆள்காட்டி விரலால் குழி. அதில் பொடி. பொடியின் உச்சியில் இன்னொரு சின்னக் குழி, அது நெய்க்கு. நெய்க்காரர் கரண்டியைச் சாய்க்கும்போது தலைவர் இலையைப் பார்க்க மாட்டார், நெய்க்காரர் முகத்தைத்தான் பார்ப்பார். “அங்கேதான் சார் ஒரு கரண்டியா ரெண்டு கரண்டியான்னு முடிவாகுது.” முப்பது வருஷம் கடன் கேட்டு வந்தவர்கள் முகத்தைப் படித்த அனுபவம் இப்படி உதவுகிறது. நெல்லூர் பக்கத்துப் புளிப்போடு சேப்பல புலுசு என்ற மீன் குழம்பு வந்தால் சைவ உறுப்பினர்களை எதிர்வரிசைக்கு மாற்றிவிடுவார். கொள்கை ஒன்றுமில்லை, அவர்கள் பார்த்தால் இவருக்கு முள் எடுக்கக் கை ஓடாது. மூன்றாவது முறை சோற்றுக் கூடை வரும்போது பரிமாறுகிற பையன், “இங்கா கொஞ்சம் வெய்யமண்டாரா?” என்று கேட்பான். பத்தாவது வார்த்தை தலைவர் வாயிலிருந்து வருமுன் சோறு விழுந்திருக்கும்.

கையைக் கழுவியதும் நோட்டுப் புத்தகம் வெளியே வரும். வங்கிக் காலத்துப் பழக்கம், கோடு போட்ட லெட்ஜர். தேதி, இடம், நடை, குறிப்பு என்று நான்கு கட்டம். ஒருமுறை அவர் வெற்றிலை வாங்கப் போயிருந்தபோது புரட்டிப் பார்த்தேன். நடைக் கட்டத்தில் ‘12 கி.மீ.’ அவ்வளவுதான். குறிப்புக் கட்டம் ஓரத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கு வழிந்திருந்தது: “ஆவக்காய் பழசு, நல்ல விஷயம். சாருவில் மிளகு போன வாரத்தைவிடக் குறைவு. அப்பளம் கேட்டால்தான் இரண்டாவது. வெண்டைக்காய் வேப்புடு 9/10.” அருவி, பூநாரை, பதினோரு பேர் கால்வலி எதுவும் கணக்கில் ஏறவில்லை.

போன மாசியில் பீமுனிவாரிபாளையத்திலிருந்து படகேறி இரக்கம் தீவுக்குப் போனோம். பேரில்தான் இரக்கம், வெயிலுக்கு அது கிடையாது. தீவில் தமிழ் பேசுகிறவர்களைப் பார்த்த சந்தோஷத்தில் தலைவர் எல்லைப் பிரசங்கத்தை மறுபடி தொடங்க, கேட்டுக்கொண்டிருந்த பாட்டி நடுவில் எழுந்து வலையைப் பார்க்கப் போய்விட்டார். கரைக்குத் திரும்பி, ஏரியோரமாகவும் புழுதிச் சாலையிலுமாக, மொத்தம் பதினேழு கிலோமீட்டர். சர்வேக்காரர் கிலோமீட்டர், மூன்று போன்களில் சரிபார்த்தோம். எங்கள் சரித்திரத்திலேயே நீளமான நடை. புதிதாக வந்த பெண்ணுக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மெஸ் வாசலுக்கு வந்தோம். ஷட்டர் இறங்கியிருந்தது. முதலாளி வீட்டில் கல்யாணமாம். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் சொன்னார்.

தலைவர் படியில் உட்கார்ந்தார். ஷட்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டேஷனில் ஆளுக்கு ஒரு பன்னும் டீயும். யாரும் பேசவில்லை.

வண்டி ஆரம்பாக்கம் தாண்டியபோது லெட்ஜரை எடுத்தார். நான் பக்கத்து இருக்கை. தேதி போட்டார், இரக்கம் என்று இடம் போட்டார். நடைக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வண்டி கும்மிடிப்பூண்டியில் நின்று புறப்படும்வரை யோசித்தார். பிறகு மேலாளர் கையெழுத்தில், சாய்வாக, சுத்தமாக எழுதினார்: “நடை நடக்கவில்லை.”