ஜேசிபி உடைத்ததா, ஆதிமனிதன் செதுக்கியதா?

கேள்வி: ஒரகடத்தில் தொழிற்சாலை கட்டத் தோண்டிய மண் குவியலில் உள்ளங்கை அளவில் கூர்மையான கல் ஒன்று கிடைத்தது. கற்காலக் கோடரியா? நண்பர்கள் 'ஜேசிபி உடைத்த ஜல்லி' என்கிறார்கள்.
– வாசகர், படப்பை

பதில்: நண்பர்கள் சிரிக்கட்டும், நீங்கள் கல்லைத் தூக்கி எறியாதீர்கள்! 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்ததும் ஒரு கல்தான். இந்தியப் பழங்கற்கால ஆய்வு அதிலிருந்துதான் பிறந்தது. ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டிலும் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் கிடைத்தன.

ஜேசிபி முரடன், ஓரிரண்டு அடியில் வேலையை முடித்துவிடும். உடைந்த முகமும் புதிதாகப் பளிச்சென்று இருக்கும். ஆதிமனிதன் பொறுமைசாலி. குவார்ட்சைட் கல்லின் இரு முகங்களிலும் சில்லு சில்லாகப் பெயர்த்து, ஓரத்தைக் கூராக்கியிருப்பான். அந்தத் தழும்புகளும் காலப்போக்கில் நிறம் மாறியிருக்கும்.

கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடம் தெரியாத கல்லுக்கு வரலாறு பாதி போச்சு! மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை ஆட்சியரிடம் தெரிவிக்கச் சொல்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். எனவே வட்டாட்சியரிடமோ மாநிலத் தொல்லியல் துறையிடமோ காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்த கருவிகளையும் ஒருமுறை பாருங்கள். கண் பழகிவிட்டால், அடுத்த கல் உங்களை ஏமாற்றாது.