முட்டை என்ன விலை?

சண்டை நடக்கும் நேரத்தில் செலவுக் கணக்குக் கேட்பது நாட்டைக் காட்டிக் கொடுப்பது ஆகாதா? (சோழபுரம்)

படை எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால் ஆகும். படைக்கு வாங்கிய பூட்ஸ் ஏன் அதற்குள் பிய்ந்தது என்று கேட்டால், அது சிப்பாய்க்குச் செய்யும் உதவி. இரண்டாம் உலகப்போரின்போதே, 1941-ல், அமெரிக்க செனட் ஹாரி ட்ரூமன் தலைமையில் குழு போட்டு ராணுவ ஒப்பந்தங்களைக் குடைந்தது. அதனால் அமெரிக்கா தோற்றுவிடவில்லை.

இந்த ரகசியமெல்லாம் நிருபர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது? உளவு பார்க்கிறார்களா? (ராஜபாளையம்)

பல சமயம் கடைத்தெரு விலை தெரிந்தாலே போதும். 2023 ஜனவரியில் யூரி நிகோலோவ் என்ற உக்ரைன் நிருபர், ராணுவத்துக்கான உணவு ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தார். முட்டை ஒன்று 17 ஹிரிவ்னியா. கீவ் நகரக் கடைகளில் அப்போது 7 தான். தொழில்நுட்பப் பிழை என்றது பாதுகாப்பு அமைச்சகம். சில நாட்களில் துணை அமைச்சர் பதவி விலகினார். செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ரெஸ்னிகோவும் மாற்றப்பட்டார். ரஷ்யக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்டில் நடந்தது இது.

உங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிறவரிடம் ராணுவ ஆஸ்பத்திரிக்கு வாங்கிய பேண்டேஜ் துணியையும் பில்லையும் கொடுத்துப் பாருங்கள். துணியை விரலில் தடவி, இழையை எண்ணி, மீட்டருக்கு எவ்வளவு கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அங்கேயே சொல்லிவிடுவார். நல்ல நிருபர் தேடிப்போவது அவரைத்தான்.

போஃபர்ஸ் பீரங்கி கார்கிலில் நன்றாகத்தானே சுட்டது? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

நன்றாகவே சுட்டது. நல்ல சரக்குக்குத் தரகு எதற்கு என்பதுதான் கேள்வி. 1986-ல் ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்தோடு 400 பீரங்கிகளுக்கு 1,437 கோடி ரூபாய் ஒப்பந்தம். மறு ஆண்டு ஸ்வீடன் வானொலி விஷயத்தை உடைத்தது. ஆவணங்களைத் தேடி எடுத்து வெளியிட்டவர்கள் 'தி இந்து'வின் சித்ரா சுப்ரமணியமும் என்.ராமும். 2004-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளியது. அதையும் சொல்ல வேண்டும். ஆவணம் கொடுத்தது தானே என்று ஸ்வீடன் போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் 2012-ல் வாய் திறக்கும்வரை, சித்ரா அவர் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்கு நான் தலைவணங்குகிறேன்.

கார்கில் சவப்பெட்டி விவகாரம் கடைசியில் என்ன ஆயிற்று? (சோழபுரம்)

500 அலுமினியப் பெட்டிகள், ஒன்று 2,500 டாலர். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2001-ல் தன் அறிக்கையில் கேள்வி எழுப்பினார். வழக்கு நடந்தது, 2013-ல் நீதிமன்றம் ராணுவ அதிகாரிகளை விடுவித்தது. ஆனால் அதே அறிக்கையில் சொன்ன இன்னொன்றை எல்லோரும் மறந்துவிட்டோம். போருக்கென்று அவசரமாக வாங்கியவற்றில் பெரும்பகுதி போர் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

பக்கத்தில் இலங்கையில் இப்படி எழுதியவர்கள் உண்டா? (ராஜபாளையம்)

உண்டு. விலையும் கொடுத்தார்கள். 2006-ல் இலங்கை விமானப்படை உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்களை வாங்கியது. 'சண்டே டைம்ஸ்' இதழின் இக்பால் அத்தாஸும் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவும் அதைத் தோண்டினார்கள். முன்பு வாங்கியவற்றைவிடப் பழைய விமானங்கள், விலையோ கூடுதல், நடுவில் பெலிமிஸா ஹோல்டிங்ஸ் என்று ஒரு நிறுவனம். அத்தாஸுக்கு இருந்த பாதுகாப்பு 2007-ல் விலக்கப்பட்டது. அதே ஆண்டு 'சண்டே லீடர்' அச்சகம் எரிக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச குற்றச்சாட்டை மறுத்து லசந்த மீது அவதூறு வழக்குப் போட்டார். அந்த வழக்கு முடியுமுன், 2009 ஜனவரி 8 அன்று, அலுவலகம் போகும் வழியில் பட்டப்பகலில் லசந்த கொல்லப்பட்டார். தாம் கொல்லப்படுவோம் என்று அவர் எழுதிய தலையங்கம் மூன்றாம் நாள் அச்சேறியது. கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் 2006 மே 2 அன்று துப்பாக்கியோடு வந்தவர்கள் 'உதயன்' நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த நாளும் 'உதயன்' வெளிவந்தது. லசந்தவைச் சொல்கிற வாயால் இவர்களையும் சொல்ல வேண்டும்.

ரகசிய ஆவணத்தை அச்சிட்டால் ஜெயில்தானே? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

1923-ம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் ரஃபேல் போர் விமான ஒப்பந்த ஆவணங்களை 'தி இந்து' வெளியிட்டபோது, அவற்றைப் பார்க்கவே கூடாது என்ற மத்திய அரசின் ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று நிராகரித்தது. அதே ஆண்டு நவம்பரில் ரஃபேல் வழக்கின் மறுசீராய்வு மனுக்கள் தள்ளுபடியாயின. ஆனாலும் ஏப்ரல் தீர்ப்பு பத்திரிகைகளுக்குப் பெரிய பலம்.

எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்? (சோழபுரம்)

பாதுகாப்பு அமைச்சகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். 10 ரூபாய் தபால் ஆர்டர் இணைத்து, வாங்கிய பொருள், அளவு, விலை மூன்றை மட்டும் கேட்டு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலை உங்களுக்கு நம்பிக்கையுள்ள ஒரு நிருபரிடம் கொடுங்கள்.