அப்பாவின் லென்ஸும் திறக்கும் உரிமையும்

எண்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூரு நீலசந்திராவில் கேமரா வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அப்பாவிடம் இருந்தது சோவியத் ஜெனித்-ஈ. அதன் ஹீலியோஸ் 44-2 லென்ஸின் வரிசை எண் 78 என்று தொடங்கும். அந்த லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் செய்த ஆண்டைக் குறிப்பவை. தெருவில் நடந்த காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பக்கத்து விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக் கல்யாணம் என்று எல்லாமே அதன் வழியாகத்தான் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிமில் பதிந்தன.

மழைக்காலம் தாண்டினால் லென்ஸ் முரண்டு பிடிக்கும். ஃபோகஸ் வளையம் இறுகும். கண்ணாடியில் ஒட்டடை போல ஃபங்கஸ் படரும். அப்பா அதைச் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோவார். அவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வேலை செய்வார். “வீட்ல மட்டும் பிரிச்சுடாதீங்க சார், மறுபடி சேராது” என்பார். அந்த மறைப்பில் தப்பில்லை. அந்த வித்தைதான் அவர் வீட்டு உலையில் அரிசி. லென்ஸ் திரும்பி வந்ததும் அப்பா மொட்டை மாடிக்குப் போய், எம்.ஜி. ரோடு யுடிலிட்டி பில்டிங்கின் 25 மாடிகளும் துல்லியமாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பார்.

இன்று அதே லென்ஸை நானே வீட்டில் பிரிக்கிறேன். கண்ணாடி வளையங்களைத் திருகி எடுக்கும் ஸ்பேனர், முனை மழுங்காத சின்ன ஸ்க்ரூடிரைவர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், லென்ஸுக்கென்றே விற்கும் கிரீஸ் எல்லாம் வாசலுக்கே வந்துவிடுகின்றன. ஹீலியோஸில் ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகளாக இருக்கின்றன. ஜெர்மனியின் ஜெய்ஸ் பயோட்டார் வழிவந்த அமைப்பு. எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதை ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்கிறேன். ஒட்டுக் கண்ணாடிகளை ஆல்கஹாலில் ஊறவைக்கக் கூடாது, இடையிலுள்ள பசை கெட்டுவிடும். துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். ஃபங்கஸைத் துடைத்த பிறகும் தடம் நின்றால், அது சுரந்த அமிலம் மேல்பூச்சை அரித்துவிட்டது என்று அர்த்தம். அதை எந்தத் திரவமும் திருப்பித் தராது.

நுட்பமெல்லாம் ஹெலிகாய்டில்தான் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இந்த மரைக் குழாய்களில் பல மரைகள் பக்கம்பக்கமாகத் தொடங்குகின்றன. பிரியும் கணத்தில் அவை நின்ற இடத்தைக் குறித்துவைக்காவிட்டால், வேறு மரையில் ஏறிக்கொள்ளும். தொலைவில் இருப்பது ஒருபோதும் ஃபோகஸாகாது. என் லென்ஸின் உள்சுவரில் அந்த இடத்தில் மெல்லிய கீறல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. முன்பு திறந்த யாரோ போட்டுவைத்த அடையாளம். பழைய கிரீஸைக் கழுவி, புதியதை மரையில் மெல்லிய படலமாகத் தடவினேன். கூடிப்போனால் எண்ணெய் பிரிந்து அப்பர்ச்சர் இதழ்களுக்கு ஏறும். அந்த எட்டு இதழ்களும் காய்ந்தே இருக்க வேண்டும். சேர்த்து முடித்ததும் வளையம் வெண்ணெயாய்ச் சுழன்றது. யுடிலிட்டி பில்டிங்கை இப்போது எதிர்மாடிகள் மறைத்துவிட்டன. நிலாவைப் பார்த்து ஃபோகஸைச் சரிபார்த்தேன்.

அன்று திறப்பதற்கென்றே செய்த பொருள் வீட்டில் இருந்தது. திறக்கும் அறிவுதான் எட்டவில்லை. இன்று அறிவு எல்லோருக்கும் எட்டுகிறது. பொருளைத்தான் திறக்க முடியாமல் செய்கிறார்கள். புது லென்ஸுக்குள் மோட்டாரும் மின்சுற்றும் காகிதம் போன்ற ரிப்பன் கேபிள்களும் இருக்கின்றன. பலவற்றைப் பிரித்துச் சேர்த்தாலும், கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் சரிசெய்ய முடியாது. ஆட்டோஃபோகஸ் வேண்டுமென்றால் மோட்டாரும் வேண்டும்தான். ஆனால் பழுதுபார்க்கும் குறிப்பேட்டைப் பூட்டிவைக்கவும், உதிரிப் பாகத்தை விற்க மறுக்கவும் எந்த நுட்பமும் கட்டாயப்படுத்தவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதற்கு எடுத்துக்கொண்ட துறைகள் வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள். கேமராவும் லென்ஸும் அந்த வரிசையில் பெயர் சொல்லிச் சேர வேண்டும். குறிப்பேடும் உதிரிப் பாகமும் கடைவீதிக்கு வந்தால், மெக்கானிக்குக்கும் பிழைப்பு உண்டு, வீட்டில் திறப்பவருக்கும் வழி உண்டு. நல்ல கண்ணாடி ஒரு தலைமுறையோடு குப்பைக்குப் போக வேண்டியதில்லை.