கம்பெனிதான் வேற, மாமா!

வாங்க மொதலாளி, திண்ணையில உக்காருங்க. டி.பார்ம் முடிச்சு மெடிக்கல் போட்டு ஆறு மாசத்துல தொந்தியும் போட்டாச்சு, மாமனுக்குச் சந்தோசந்தாம்லே. சில கடையில சர்ட்டிபிகேட் செவுத்துல தொங்கும், ஆளு துபாய்ல இருப்பான். நீ அப்பிடி இல்ல. நீயே நின்னு தப்பு பண்ணுத.

என்ன முழிக்க? போன வாரம் ஒங்க அத்த தொழுவத்துல தலை சுத்தி உக்காந்துட்டா. டாக்டர் எழுதுன பிரஷர் மாத்திரை வெள்ளை, நீ குடுத்தது ரோஸு. பழைய அட்டையில நாலு மிச்சம் கெடந்திருக்கு. ரெண்டும் வேற வேற மருந்துன்னு நெனச்சு, வெள்ளையில ஒண்ணு, ரோஸுல ஒண்ணு முழுங்கிட்டா. "கம்பெனிதான் வேற, மருந்து ஒண்ணுதான்"னு சொல்லித்தான் குடுத்தியாம். நாப்பது வருசமா நான் சொல்லுறதே அவ காதுல விழல, நீ சொன்னதா விழும்?

அந்த ரோஸு அட்டையத் திருப்பு. செவப்புக் கட்டம் கண்ணுல படுதா? ஷெட்யூல் எச். 1945-ஆம் வருசத்து மருந்து விதிகள்ல 65-வது விதி, அதுல 11ஏ. எச், எச்1, எக்ஸ் மருந்து எழுதுன சீட்டுக்கு, எழுதுனதுக்குப் பதிலா வேற சரக்கு குடுக்கப்படாது. உள்ள இருக்க மருந்து அதேதான்னாலும் குடுக்கப்படாது. இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டா லைசென்சுக்கு ஆபத்து. கோர்ட்டுக்குப் போனா ஒரு வருசத்துலருந்து ரெண்டு வருசம் ஜெயில், 20,000 ரூவாய்க்குக் கொறையாத அபராதம்னு சட்டம் எழுதி வச்சிருக்கு. வக்கீல் குமாஸ்தாவா நான் சும்மாவா இருந்தேன்?

"ஏழைக்கு வெலை கொறைச்சுக் குடுத்தேன்"ங்கியா? ஆகா, கர்ணன்! அட்டையில அச்சடிச்ச வெலைய அத்தைகிட்ட வாங்கிட்ட. ஒனக்கு வந்த பில்லுல அதுக்கு என்ன வெலை போட்டிருக்கான்? அதைக் கொண்டு வா, பாப்போம். பேரு ஜெனரிக்கு, லாபம் மட்டும் பெரிய பிராண்டு!

டாக்டருங்களையும் சொல்லணும். பிராண்டுக்குப் பதிலா மருந்துப் பேரையே எழுதுங்கன்னு 2002-லயே நெறிமுறையில சொல்லியாச்சு. 2023 ஆகஸ்ட்டுல மருத்துவ ஆணையம் அதைக் கட்டாயமாக்குச்சு. டாக்டருங்க போட்ட சத்தத்துல அந்த மாசமே விதியப் படுக்க வச்சிட்டாங்க. ஒன் விதிய யாரும் படுக்க வைக்கல மாப்ளே, அது முழிச்சிட்டுதான் இருக்கு. அவுக தூங்கலாம், நீ தூங்கப்படாது. நியாயமான்னு கேட்டா, இல்லதான்.

சீட்டுல மருந்துப் பேரு மட்டும் இருந்தா எந்தக் கம்பெனி குடுத்தாலும் ஒன்னக் கேக்க ஆளில்ல. பிராண்டு எழுதி அது ஒங்கிட்ட இல்லன்னா, இல்லன்னு சொல்லு. ஒரு வார்த்தைதானேலே? வெலை தாங்காதுன்னு அழுதா டாக்டருக்குப் போனப் போடு, சீட்ட மாத்தி எழுதி வாங்கியாரச் சொல்லு. மாத்தி எழுதுன சீட்டோட மக்கள் மருந்தகத்துக்குக் கூட கை காட்டு. வலிப்பு, தைராய்டு மாத்திரையில மட்டும் ஒன் கைவரிசையக் காட்டிராத. கம்பெனி மாறுனா அளவு தட்டுதான்னு டாக்டர் பாக்கணும்.

மிச்ச ரோஸு ஆறு இருக்கு, இந்தா, எடுத்துட்டுப் போ. சாயங்காலம் அந்த வெள்ளையக் கொண்டா. பில்லு போட்டுக் கொண்டா.