முக்கோணி வளவில் மாடு கட்டுதல்: கோண இருகூறாக்கி வழி ஓர் ஆய்வு

1. முன்னுரை

மாடு கட்டுவதைப் பற்றி நம் அறிஞர்கள் போதிய அளவு எழுதவில்லை. உழவைப் பாடினார்கள், ஏறு தழுவுதலைப் பாடினார்கள். உழுதும் தழுவியும் முடிந்தபின் அந்த மாட்டை எங்கே கட்டுவது என்பதை அவரவர் வீட்டுப் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று 12ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார்; ஆனால் மூன்று மூலை வளவில் நடு எது என்று அவரும் சொல்லவில்லை. நாற்சதுர வளவென்றால் எதிர் மூலைகளுக்குக் கயிறு பிடித்து நடுவைக் கண்டுவிடலாம். முக்கோணிக்கு எதிர் மூலையே கிடையாது. இக்குறையைப் போக்க எழுந்ததே இந்த ஆய்வு.

2. ஆய்வுக்களம்

ஈச்சிலம்பற்றைக் களமாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கடலைக் காணுமுன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூதூருக்கு மேற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மற்றது வெருகலாறாகி, சித்திர வேலாயுதர் கோயில் பக்கமாகப் போய்க் கிழக்குக் கடலில் சேர்கிறது. இரண்டு கிளையும் கடற்கரையும் சேர்ந்து ஒரு பெரிய முக்கோணியை அடைக்கின்றன. மூதூர், தோப்பூர், சேருவில, ஈச்சிலம்பற்று எல்லாம் அதற்குள் அடக்கம். ஊரே முக்கோணிக்குள் இருக்கும்போது வளவு மட்டும் சதுரமாக இருக்கவேண்டும் என்பது பேராசை. ஒரு பக்கம் வீதி, ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் அயலவர் வேலி. மூன்றும் தத்தம் போக்கில் போனால் இடையில் அகப்பட்ட காணி மூன்று மூலையாகத்தான் விழும்.

3. மாதிரி வளவு

ஆய்வின் பொருட்டு ஒரு வளவைக் கற்பித்துக்கொள்வோம். வீதி வேலி 42 யார், வாய்க்கால் வேலி 39 யார், அயலவர் வேலி 45 யார். 13, 14, 15 என்று பக்கங்கள் கொண்ட முக்கோணியை மும்மடங்காக்கினால் இது வரும். அலெக்சாந்திரியா நகரத்து ஹெரோன் காலத்திலிருந்தே கணிதகாரருக்குப் பழக்கமான உருவம். பரப்பளவு 756 சதுர யார். ஒரு பேர்ச் என்பது 30¼ சதுர யார் ஆகையால், 25 பேர்ச் நிறைய 756¼ வேண்டும். குறைகிற கால் சதுர யாரைக் கதியால்கள் விழுங்கிவிட்டன எனக் கொள்க.

முளை ஒன்று, கயிறு ஒன்று, பசு ஒன்று. எந்த வேலிக்கும் அப்பால் வாய் வைக்காமல் ஆகக் கூடிய புல்லை அது மேயவேண்டும். முளையை எங்கே அடிப்பது?

4. மூன்று கொள்கைகள்

முதலாவது மூலைவாதம். மூன்று மூலைகளிலிருந்தும் சமதூரத்தில் முளை அடிக்கவேண்டும் என்பது இவர்கள் கட்சி. பக்கங்களின் நடுவில் செங்குத்துக் கோடுகள் போட்டு அந்த இடத்தைக் காண்பார்கள். நம் வளவில் அது ஒவ்வொரு மூலையிலிருந்தும் 24⅜ யார். கேட்க நீதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து அயலவர் வேலி வெறும் 9⅜ யார். 12 யார் எட்டும் பசு (ஏன் 12 என்பது பின்னால் வரும்) வேலிக்கு அப்பால் எட்டு அடி, ஒன்றரை அங்குலம் குறைய, மேயும். மூலைக்கு நீதி செய்யப்போய் வேலிக்கு அநீதி.

இரண்டாவது நடுக்கோட்டுவாதம். ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு இழுக்கும் கோடு இடையம். மூன்று இடையங்களும் சந்திக்கும் இடத்தில் முளை அடிக்கவேண்டும் என்பார்கள். வளவின் வடிவில் ஒரு தகரம் வெட்டி ஊசிமுனையில் வைத்தால் அது சரியாமல் நிற்கும் புள்ளி இதுவே. தகரத்துக்கு உகந்த இடம்தான், பசுவுக்கு அல்ல. அங்கிருந்து அயலவர் வேலி 11.2 யார். பசு இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைய அத்துமீறும். “அண்ணே, உங்கட மாடு எங்கட பயிற்றங்கொடியைத் திண்டிட்டுது” என்ற குரல் எழுவதற்கு அவ்வளவு போதும்.

மூன்றாவது இருகூறாக்கிவாதம். இதுவே இவ்வாய்வின் துணிபு. ஒரு மூலையைச் சரிபாதிக் கோணங்களாகப் பிரிக்கும் கோட்டில் எங்கே நின்றாலும், அந்த மூலையின் இரண்டு வேலிகளும் சமதூரம். அப்படியானால் இரண்டு மூலைகளின் கோடுகள் வெட்டுமிடத்தில் மூன்று வேலிகளும் சமதூரமாகின்றன. மூன்றாவது மூலையின் கோடும் அழைக்காமலே அங்கு வந்து சேரும். அதைப் பரீட்சகருக்காக மட்டும் வரைந்தால் போதும். நம் வளவில் அந்தத் தூரம் சரியாக 12 யார். வள்ளுவர் நடுவுநிலைமையை 12ஆம் அதிகாரத்தில் வைத்தது தற்செயல் என்போர் ஆய்வுலகுக்கு ஆகாதவர்கள்.

இரண்டாம் கட்சியின் முளைக்கும் மூன்றாம் கட்சியின் முளைக்கும் இடைத்தூரம் ஒரே ஒரு யார். கொள்கைப் பிளவுகளின் வழக்கமான அகலம் அதுதான்.

5. செய்முறை

மூலையிலிருந்து இரண்டு வேலியிலும் பத்து அடி அளந்து தடி நடுக. இரண்டு தடியிலிருந்தும் ஒரே நீளக் கயிற்றால் உள்ளே வில் கீறுக. வில்கள் வெட்டுமிடத்தை மூலையோடு இணைக்கும் கோடே இருகூறாக்கி. யூக்கிளிட் தம் நூலின் முதற் புத்தகத்து ஒன்பதாம் கூற்றில் கோணத்தைப் பாதியாக்குகிறார். நான்காம் புத்தகத்து நான்காம் கூற்றில் முக்கோணிக்குள் வட்டம் அடைக்கிறார். இடைப்பட்ட புத்தகங்களில் மாடு பசியோடு நின்றதா என்பது தனி ஆய்வுக்குரியது.

சோம்பேறிகளுக்கும் வழி உண்டு. வீதி வேலியும் வாய்க்கால் வேலியும் கூடும் மூலையிலிருந்து வீதியோரமாக 18 யார் நடந்து, செங்குத்தாக 12 யார் உள்ளே போனால் முளைக்கு இடம் வந்துவிடும். சுற்றளவில் பாதி 63. அதில் எதிர்ப்பக்கமான 45ஐக் கழிக்க 18. பரப்பளவை அந்த 63ஆல் வகுக்க 12.

இங்கே ஓர் எச்சரிக்கை. 12 யார் என்பது கயிற்றின் நீளம் அல்ல. முளையில் போகும் முடிச்சைத் தவிர்த்துக் கயிறு, கழுத்து, நீட்டிய நாக்கு ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை அது. கேத்திரகணித நூல்கள் பசுவைப் புள்ளியாகக் கொள்வதால் நாக்கை விட்டுவிடுகின்றன. அயலவர்கள் விடமாட்டார்கள்.

பசுவுக்குக் கிடைக்கும் வட்டம் ஏறக்குறைய 452 சதுர யார், அதாவது வளவில் நூற்றுக்கு 60 பங்கு. எந்த முக்கோணியிலும் உள்வட்டம் நூற்றுக்கு 60½ பங்கைத் தாண்டாது. சமபக்க முக்கோணியில்தான் அந்த உச்சத்தை நெருங்கும். ஆகவே பசு முறைப்பாடு செய்ய இடமில்லை. மூலைகளில் மிஞ்சும் புல்லுக்கு ஆடு இருக்கிறது.

6. தகாத பயன்பாடு: பங்கு பிரித்தல்

மாட்டில் வென்ற மமதையில் சிலர் இருகூறாக்கியைக் காணி பிரிக்கக் கொண்டுவருகிறார்கள். பின்மூலையைச் சரிபாதியாக்கி வீதிவரை வேலி இழுத்து, வாய்க்கால் பக்கத்தை அக்காவுக்கும் அயலவர் பக்கத்தைத் தங்கச்சிக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? யூக்கிளிட்டின் ஆறாம் புத்தகத்து மூன்றாம் கூற்று பதில் சொல்கிறது: இருகூறாக்கி எதிர்ப்பக்கத்தை மற்றப் பக்கங்களின் விகிதத்தில் பிரிக்கும். அக்காவுக்கு வீதிமுகப்பு 19½ யார், தங்கச்சிக்கு 22½. பரப்பளவு 351க்கு 405. அக்கா 54 சதுர யார் குறையப் பெறுகிறார். ஒன்றே முக்கால் பேர்ச்சுக்கும் சற்றுக் கூடுதல். மூலை சமமாகப் பிரிந்தது, காணி பிரியவில்லை. வீதி வேலியின் நடுவான 21ஆம் யாருக்குப் போகும் இடையமே இங்கு நியாயமான கோடு.

இரண்டு வேலிக்கும் வீதியில் உள்ள வித்தியாசம் ஒன்றரை யார்தான். ஆனால் இந்தப் பகுதியில் ஒன்றரை யாரை அற்பம் என்று ஒதுக்க முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கரையோர வேலிகளைக் கொண்டுபோயிற்று. 2006இல் போர் சனத்தை வாகரைப் பக்கம் துரத்தியது. திரும்பி வந்தவர்களுக்கு முதல் தேவை கூரை, அடுத்த தேவை எல்லை.

பிள்ளைகள் மூன்று என்றால் நிலைமை இன்னும் மோசம். எந்தக் கோணத்தையும் கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு மூன்று சமபங்காக்கப் பொதுவழி கிடையாது என்று 1837இல் வான்ட்செல் நிறுவிவிட்டார். மூலையைப் பிடித்த பெற்றோர் அங்கே முட்டி நிற்க, வேலியைப் பிடித்தவர் 14, 14, 14 என்று மூன்று முளை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். ஒவ்வொரு பங்கும் 252 சதுர யார்.

7. மேலைநாட்டார் பட்ட பாடு

இருகூறாக்கியை எளிய கோடு என்று எண்ணுவோருக்காக ஒரு செய்தி. முக்கோணியில் இரண்டு குத்துயரங்கள் சமமானால் அது இருசமபக்க முக்கோணி. நிறுவ இரண்டு வரி போதும். இரண்டு இடையங்கள் சமமானாலும் அப்படியே. இரண்டு இருகூறாக்கிகள் சமமானால்? அப்போதும் அப்படியே என்று கண் சொல்கிறது, கை எழுத மறுக்கிறது. ஜேர்மனியின் லெமுஸ் 1840இல் பரிசிலிருந்த ஸ்டூர்முக்குக் கடிதம் எழுதி, தூய கேத்திரகணித நிறுவல் கேட்டார். ஸ்டூர்ம் அதை மற்றவர்களிடம் தள்ளிவிட, ஸ்டைனர் நிறுவிக் காட்டினார். இன்றும் அந்தத் தேற்றம் ஸ்டைனர்–லெமுஸ் என்று கேட்டவர் பெயரையும் சேர்த்தே வழங்குகிறது. புதிய நிறுவல்களும் வந்துகொண்டிருக்கின்றன. பசுவைக் கட்டியிருந்தால் இருவரும் அன்றைக்கே படுத்து உறங்கியிருப்பார்கள்.

8. முடிவுகள்

ஒன்று: நடுவில் நிற்பது வேறு, சமமாகப் பங்கிடுவது வேறு. முதலாவதற்கு இருகூறாக்கி, இரண்டாவதற்கு இடையம். இரண்டையும் குழப்பியவர்களின் வழக்குகள் முடியக் காலம் எடுக்கும்.

இரண்டு: மூன்று பேருக்கு நடுவே நியாயம் சொல்லப் போகிறவர், மூலைக்கு மூலை தூரம் பார்க்காமல் வேலிக்கு வேலி தூரம் பார்க்கவேண்டும். சண்டை மூளுவது வேலியில்.

மூன்று: வீட்டில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளை இருந்தால், முளை அடிக்குமுன் அதன் கவராயத்தைக் கேட்டு வாங்குங்கள். பிரிப்பது காணி என்றால் கவராயத்தை வைத்துவிட்டு, அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.