விருப்பப்பட்டு வெளியேறியவனின் அறிக்கை

பெறுநர்:
பணியாளர் துறை மேலாளர் அவர்கள்,
நான் வேலை பார்த்த ஸ்பின்னிங் மில்,
கோயம்புத்தூர்.

பொருள்: என்னை நானே கண்டுபிடித்தது – அறிக்கை சமர்ப்பித்தல் தொடர்பாக.

ஐயா,

விருப்ப ஓய்வுப் படிவம் கைக்கு வருவதற்கு முந்தின நாள் கேன்டீனில் எங்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினீர்கள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், மலை உச்சியில் ஒருவர் கையை விரித்து நிற்கிற படத்தைத் திரையில் காட்டி, "நீங்கள் யார் என்பதை இனிமேல்தான் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்" என்றார். அதுவரை டோக்கன் நம்பராகவே இருந்து பழகியவர்களுக்கு அது பெரிய செய்தி. கண்டுபிடித்த பிறகு யாருக்குத் தெரிவிப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. வகுப்புக்குச் செலவு செய்தது தாங்கள் என்பதால் தங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் தெரியவந்தது, நான் விருப்பப்பட்டேன் என்பது. படிவத்தில் "யாருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றி" என்று நான் எழுதுவதற்கு முன்பே அச்சாகியிருந்தது. கையெழுத்துப் போடாதவர்கள் ஆந்திரா குடோனுக்கு மாற்றப்படலாம் என்றும், அங்கே குவார்ட்டர்ஸ் கிடையாது என்றும் தாங்கள் அக்கறையோடு எடுத்துச் சொன்னீர்கள். மறுநாளே எனக்கு விருப்பம் வந்துவிட்டது.

பிறகு சங்கத்துப் பெரியவர் ஒருவர் விளக்கினார். ஆட்குறைப்பு என்று செய்திருந்தால், அப்போது நடப்பிலிருந்த 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற மில் அரசாங்கத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்பவும் வேண்டும். விருப்பத்துக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அதனால்தான் மீசை முளைத்த வயதில் உள்ளே வந்த நான் முதல் ஆளாக விருப்பப்பட்டிருக்கிறேன். இந்தத் தொகையில் 5 லட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாது என்று தாங்கள் இரண்டு முறை சொன்னீர்கள். மில் தொழிலாளிக்கு வருமான வரிக் கவலை இருக்கும் என்று நினைத்த முதல் அதிகாரி தாங்கள்தான். எனக்கு 53 வயது. பி.எஃப். பென்ஷனுக்கு 58 ஆக வேண்டும்; அவசரப்பட்டு இப்போதே வாங்கினால் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் பிடித்துக்கொள்வார்களாம். அதில் அவசரப்பட்டது யார் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

என் மனைவி முணுமுணுத்துப் பேசுகிறவள், மருமகள் மாமனார் மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்துகிறவள், பேரனுக்கு இன்னும் பேச்சுத் திருந்தவில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அரைநைட் ஷிப்டும் முழுநைட் ஷிப்டுமாகப் போனவனுக்கு வீட்டுப் பேச்சைக் கவனிக்க நேரம் ஏது. பகலெல்லாம் திண்ணையில் உட்கார ஆரம்பித்ததும்தான் மூன்று பேருக்கும் ஒரே குறை எப்படி வந்தது என்று யோசித்தேன். மில்லில் இந்த யோசனைக்கே வழியில்லை. ரிங் பிரேம் டிபார்ட்மென்ட் இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை. கண்ணும் கையும் உதட்டசைவும் போதும். எத்தனையோ சண்டைகளைக்கூடச் சத்தம் இல்லாமலே போட்டிருக்கிறோம்.

மருமகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டுச் சோதித்தார்கள். தாளில் நேராக வந்துகொண்டிருந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. சோதித்த பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஸ்பின்னிங் மில்லாங்க?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. சர்வீஸ் சர்டிபிகேட்டுக்குத் தங்கள் அலுவலகம் என்னைப் பலமுறை நடக்கவைத்தது. என் காது ஒரே தாளில் கொடுத்துவிட்டது.

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலுக்கு மேல் இரைச்சல் கூடாது என்று அப்போது விதி இருந்ததாம். இரைச்சலால் காது போவது அப்போது நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகவும் இருந்ததாம். தாங்கள் விதியை மதிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றெல்லாம் ஆளுக்கொரு ஜோடி ஆரஞ்சு நிறக் காதடைப்பான் கொடுத்தீர்கள். சாயந்திரம் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டோம். ஒரு ஜோடிகூடக் காணாமல் போனதில்லை.

அடுத்து நடந்தது நானே எதிர்பாராதது. பல்லடம் பக்கம் ஒரு சின்ன ஓப்பன் எண்ட் ஸ்பின்னிங் மில்லில் கார்டிங் மெஷின் மக்கர் செய்கிறது என்று பழைய கூட்டாளி கூப்பிட்டார். அங்கே ஒரு இளம் இன்ஜினியர் வைப்ரேஷன் மீட்டர் வந்துசேரக் காத்திருந்தார். ஃபிட்டர் பழக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேரிங் ஹவுசிங்மேல் வைத்தேன். பிடியைக் காதில் வைத்து என்ன பயன்? விரல்களுக்கு நடுவிலேயே பிடித்துக்கொண்டேன். "உள்வளையம் போயிருக்கு, அதுவும் இந்தப் பக்கத்துது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிரித்துப் பார்த்தார்கள். போயிருந்தது. காது தன் பொறுப்பை எப்போதோ கைக்கு ஒப்படைத்திருக்கிறது. சார்ஜ் கொடுத்த தேதி எனக்கே தெரியாது, இன்கிரிமென்டும் கேட்கவில்லை. அந்த இன்ஜினியர் இப்போது கண்ணை மூடிக்கொண்டு பேரிங்கைத் தொட்டுப் பழகுகிறார். திட்டாமல் சொல்லிக்கொடுக்க எனக்கு வருகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. தங்கள் மில்லில் நான் திட்டாத ஹெல்பர் கிடையாது. ஒருவேளை கேட்டிருக்காது.

இங்கே ஒரு தணிக்கைக் குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கடைசி நாள் கேட்டில் வாட்ச்மேன் என் டிபன் கேரியரை அடுக்கடுக்காகத் திறந்து பார்த்துத்தான் விட்டார். கழிவுப் பஞ்சு ஒரு பிடிகூட வெளியே போகவில்லை. ஆனால் இந்த விரல்கள் கேட் பாஸ் இல்லாமல் போய்விட்டன. செட்டில்மென்ட் தாளிலும் இவற்றுக்குத் தனிக் கட்டம் போடவில்லை. நான் எதையும் ஒளித்து எடுத்து வரவில்லை; உள்ளே இருந்தபோது இந்த வித்தை விரலில் இருப்பது தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன வாரம் தங்கள் சூப்பர்வைசர் தேடி வந்தார். புது ரிங் பிரேமில் இழை அறுந்துகொண்டே இருக்கிறதாம். காண்ட்ராக்டர் மூலமாக, ஹெல்பர் ரேட்டில், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல் வந்து பார்க்க முடியுமா என்றார். பார்க்கலாம். காண்ட்ராக்டர் வேண்டாம், கூலியை நான் சொல்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி நிர்வாகமே விரும்பி அழைப்பதாக ஒரு கடிதமும் வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் பல்லடம் போகிற நாள். மற்ற நாள்களுக்கு என் மனைவியைக் கேளுங்கள், டைம் ஆபீஸ் இப்போது அவளிடம். போனில் கூப்பிட வேண்டாம். தாங்களும் முணுமுணுப்பதாகத்தான் எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் ஃபிட்டர்

நகல்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். காதுச் சோதனைத் தாள் இணைக்கப்பட்டுள்ளது.